ஒரே வெட்சூட் தரங்கம்பாடிக்கும் கார்ன்வாலுக்கும் ஆகுமா?

தரங்கை அலை எழுதியது:

வணக்கம் மக்களே. கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொண்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் நடுவில் வீடு, அலை நன்றாக இருக்கிற காலையில் போர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். பிரச்சினை மார்கழி, தை மாதங்களில்தான். கொஞ்ச நேரம் அலைக்காகக் காத்து உட்கார்ந்தாலே பல் தந்தியடிக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடுகிற ரப்பர் உடை) ஒன்றைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், ஸ்கூபா டைவிங்குக்கு வாங்கியதாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. என் தம்பிக்கு இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பரில் கிளம்புகிறான், அவனுக்கும் சர்ஃபிங் பைத்தியம். அதுவரை நான் போட்டுக்கொண்டு அப்புறம் அவனிடம் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். சரியாக வருமா?

நீச்சல் மாஸ்டர் எழுதியது:

வராது. உங்களுக்கும் ஆகாது, தம்பிக்கும் ஆகாது.

முதலில் நம் கடல். நாகை, காரைக்கால் பக்கம் கடல் மேற்பரப்பு மிகவும் குளிர்வது ஜனவரி வாக்கில்தான், அப்போதே 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் 30ஐத் தொடும். உலகம் முழுக்க சர்ஃபர்கள் வைத்திருக்கிற பொதுக்கணக்குப்படி 24க்கு மேல் போனால் வெட்சூட்டே வேண்டாம், ஷார்ட்ஸும் லைக்ரா சட்டையும் (உடம்போடு ஒட்டுகிற மெல்லிய செயற்கை இழைச் சட்டை) போதும். 20 முதல் 23 வரை 2 மில்லி. அதற்குக் கீழே 17 வரை, முண்டத்துக்கு 3, கை கால்களுக்கு 2 என்று தைத்த சூட், அதைத்தான் 3/2 என்கிறார்கள். 13 முதல் 17 வரை 4/3. அதற்கும் கீழே 5/4, கூடவே பூட்ஸ், கையுறை, தலைக்குல்லா. நீங்கள் 26 டிகிரிக்கு 5 மில்லி கேட்கிறீர்கள். மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு கையால் துடுப்பு வலித்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த கதைதான். உடம்பு சூடு வெளியேற வழியில்லாமல் மயக்கம் வரும், விளையாட்டில்லை.

பட்டினச்சேரி எழுதியது:

தம்பி, நான் கடல் தொழில் குடும்பம். மார்கழியில் விடியற்காலை கடலுக்குள் கால் வைத்துப் பாருங்கள், காற்றைவிடத் தண்ணீர்தான் வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே பனிக்காலத்தில் விடியலில் வெளியே 22, 23க்கு இறங்கும், கடல் 26லேயே நிற்கும். நம்மைக் குளிர வைப்பது வாடைக்காற்று. தண்ணீருக்குள் கழுத்துவரை இருக்கிறவனுக்குக் குளிராது, போர்டு மேல் நனைந்த உடம்போடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் குளிரும்.

தரங்கை அலை எழுதியது:

அண்ணே, நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் 26 டிகிரி அறையில் ஏசி போட்டால் யாருக்கும் நடுங்குவதில்லையே? தண்ணீர் மட்டும் ஏன் இப்படி? நான் போடுவது சாதாரணக் காட்டன் டீ சர்ட்தான், அதுவும் காரணமா?

நீச்சல் மாஸ்டர் எழுதியது:

அதுதான் பாதிக் காரணம். விளக்கமாகவே சொல்கிறேன், இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கடலுக்குப் போனாலும் கடைக்காரர் பேச்சை நம்பிப் பணத்தை விடமாட்டீர்கள்.

தண்ணீர் வெப்பத்தைக் கடத்தும் திறன் காற்றைவிட 25 மடங்குக்குப் பக்கம். அசையாமல் தண்ணீரில் இருக்கும் உடம்பு சூட்டை இழக்காமல் இருக்க வேண்டுமானால் தண்ணீர் 33, 34 டிகிரியாவது இருக்க வேண்டும். ஆக 26 என்பது கேட்க இதமாக இருந்தாலும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை விட்டுக்கொண்டேதான் இருக்கும். கையை வலித்து முன்னேறும்போது தசை சூடு உண்டாக்குகிறது, அப்போது தெரியாது. உட்கார்ந்து காத்திருக்கும்போது அது நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து வாடை வீசினால் உடம்பின் மேல் இருக்கிற ஈரம் ஆவியாகும், ஆவியாகிற ஒவ்வொரு சொட்டும் நம் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகும். காட்டன் டீ சர்ட் நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இந்த வேலையைச் செய்யும். அதற்கு வெற்று உடம்போடு இறங்குவதே மேல்.

வெட்சூட் எப்படி வேலை செய்கிறது என்பதிலும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. உள்ளே புகுகிற தண்ணீர் சூடாகி நம்மைப் போர்த்திக்கொள்கிறது என்பார்கள். உண்மையில் வேலை செய்வது நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கிற நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான். உள்ளே இருக்கிற தண்ணீர் மெல்லிய படலமாக, வெளியேறாமல் இருந்தால் போதும், அது குறையக் குறைய நல்லது. 1952 வாக்கில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் யோசித்தது இதைத்தான். உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, துணிக்குள் வாயு இருந்தால் சூடு தங்கும் என்று. ஆகவே சூட் தொளதொள என்று இருந்தால் எத்தனை மில்லியாக இருந்தாலும் வீண். ஒவ்வொரு அலையிலும் முதுகு வழியாகப் புதுத் தண்ணீர் புகுந்து பழையதைத் தள்ளிவிடும்.

உங்களுக்குத் தேவை முழுக்கை லைக்ரா ஒன்று. குளிர் தாங்காத உடம்பு என்றால் மார்பை மட்டும் மூடுகிற 1 அல்லது 1.5 மில்லி நியோப்ரீன் மேல்சட்டை. மார்புப் பக்கம் வழவழப்பாக, துணி ஒட்டாமல் விட்டிருக்கிற ரகமாகப் பாருங்கள். அதில் ஈரம் தங்காது, காற்றும் தைக்காது. கரைக்கு வந்ததும் மாற்றக் காய்ந்த சட்டையும் தலை துவட்டத் துண்டும் வேண்டும். அவ்வளவுதான், கதை முடிந்தது.

மஸ்கட் மச்சான் எழுதியது:

மாஸ்டர், கதையை அதற்குள் முடிக்காதீர்கள். நான் வேதாரண்யம், வேலை வளைகுடாவில். அரபு நாட்டுக் கடல் என்றால் சூடுதானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். துபாய் பக்கம் ஆகஸ்டில் கடல் 33ஐத் தாண்டும், குளித்தால் வெந்நீர். அதே இடத்தில் ஜனவரியில் 22 சுற்றி வந்துவிடும், அப்போது பலர் 2 மில்லி போடாமல் இறங்குவதில்லை. இன்னும் வேடிக்கை ஓமானின் தெற்குக் கரை, சலாலா பக்கம். ஊரெல்லாம் கொதிக்கிற ஜூலை, ஆகஸ்டில்தான் அங்கே கடல் சில்லென்று ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, அடியிலிருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வரும். வெயிலைப் பார்த்து உடை எடுத்துப் போனவன் ஏமாந்தான்.

அப்புறம் எல்லோர் உடம்பும் ஒன்றல்ல. ஒல்லியாக இருக்கிறவனுக்கு 26லேயே நடுங்கும், தொப்பை இருக்கிற எனக்கு 22லும் கவலையில்லை. அந்தப் பட்டியலை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீச்சல் மாஸ்டர் எழுதியது:

மறுக்கவில்லை. ஒல்லி உடம்பு என்றால் பட்டியலில் ஒரு படி மேலே போகலாம். ஆனால் 26 டிகிரிக்கு ஒரு படி மேலே என்றாலும் 2 மில்லிக்குள்தான், 5 வராது. அந்த மேலேறும் தண்ணீர் சமாச்சாரம் நம் கரையிலும் சிறிய அளவில் உண்டு. தென்மேற்குக் காற்று கரையோரமாக வடக்கு நோக்கித் தொடர்ந்து வீசும்போது ஆனி, ஆடியில் சில நாட்கள் திடீரென்று தண்ணீர் குளிர்ந்து போயிருக்கும். ஓமான் அளவுக்கு இல்லை, ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் காலில் தெரியும்.

மழைக்கோட்டு எழுதியது:

கும்பகோணத்துக்காரன், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் குப்பை கொட்டுகிறேன். தம்பி விஷயத்துக்கு நான் வருகிறேன்.

கார்ன்வாலில் கடல் மிகச் சூடாக இருப்பது ஆகஸ்டு, செப்டம்பரில், அதுவே 16, 17 டிகிரி. நாம் பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரை ஃபிரிட்ஜில்தான் பார்த்திருப்போம். மிகக் குளிர்வது டிசம்பரில் என்று நினைப்பீர்கள், இல்லை, பிப்ரவரி, மார்ச்சில்தான் 9, 10க்கு வரும். கடல் மெதுவாகத்தான் சூட்டை விடும், மெதுவாகத்தான் வாங்கும். ஏப்ரலில் வெயில் அடிக்கிறதே என்று மெல்லிய சூட்டோடு இறங்குகிற புது மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன், நீலம் பாரித்து ஓடி வருவார்கள்.

தம்பி வந்து இறங்குகிற செப்டம்பரில் 3/2 சமாளிக்கும் என்று இங்கே இருக்கிறவர்கள் சொல்வார்கள். டெல்டாவில் வளர்ந்த உடம்புக்கு 4/3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 3 மில்லி பூட்ஸ். நவம்பரிலிருந்து கையுறையும் குல்லாவும். குளிர்காலம் முழுக்க விடாமல் இறங்குவேன் என்றால் 5/4 தனியாக வாங்க வேண்டிவரும், ஆனால் அதை இரண்டாவது வருடம் யோசிக்கலாம், முதல் வருடம் பரீட்சையும் இருட்டும் சேர்ந்து அவனை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும்.

தடிமனைவிடத் தையலைப் பாருங்கள். மலிவு சூட்களில் தட்டைத் தையல் இருக்கும், ஊசி இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வரும், ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் தண்ணீர் நுழையும். 20 டிகிரிக்கு மேல் அது பரவாயில்லை. குளிர் கடலுக்கு, விளிம்புகளைப் பசையிட்டு ஒட்டி, ஊசி முழுக்க ஊடுருவாமல் தைத்த ரகம் வேண்டும், உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஜிப் முதுகில் இருந்தால் போடுவது சுலபம், தண்ணீர் நுழைவதும் சுலபம். மார்பில் குறுக்கே ஜிப் இருக்கிற ரகம் மாட்டுவதற்குள் உயிர் போகும், ஆனால் கதகதப்பு அதில்தான்.

இங்கே வந்து வாங்கட்டும். கடற்கரை ஊர்களில் சர்ஃப் கடைகளில் வாடகைக்கே கிடைக்கும், சில வாரம் வாடகைக்குப் போட்டுப் பார்த்து எந்தக் கம்பெனி அளவு தன் தோளுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் போதும். ஊரிலிருந்து சுமந்து வர வேண்டிய பொருள் இது அல்ல, அந்த இடத்தில் இட்லிப்பொடியும் ஊறுகாயும் வைத்து அனுப்புங்கள்.

தரங்கை அலை எழுதியது:

அண்ணே, 5 மில்லிதான் குளிர்காலத்துக்கு என்றால் இந்த டைவிங் சூட்டை நான் போடாவிட்டாலும் அவனிடமே கொடுத்துவிடலாமே?

மழைக்கோட்டு எழுதியது:

டைவிங் சூட் வேறு, சர்ஃபிங் சூட் வேறு. ஆழத்துக்குப் போகிறவனுக்குத் தண்ணீரின் அழுத்தத்தில் நுரை நசுங்கும், அதனால் கெட்டியான, நசுங்காத நியோப்ரீன் போடுவார்கள். அவன் கையைத் தலைக்கு மேல் தூக்கி வலிப்பதில்லை, காலால்தான் போகிறான், ஆகவே தோளில் நெகிழ்ச்சி தேவையில்லை. அதைப் போட்டு அலைக்குப் பின்னால் துடுப்புப் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும். சர்ஃபிங் சூட்டில் தோளுக்கும் கைக்கும் மெல்லிய, நன்றாக இழுபடுகிற ரப்பர், மார்புக்கும் முதுகுக்கும் தடித்தது. அந்த 5/4 என்ற கணக்கே அதற்காகத்தான்.

மயிலாடுதுறைக்காரி எழுதியது:

ஆண்கள் எல்லோரும் டிகிரிக் கணக்கிலேயே இருக்கிறீர்கள். நம் கடலில் உடம்பை மூடுவதற்குக் குளிரைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு இருக்கின்றன, வெயிலும் சொறி மீனும் (ஜெல்லி மீன்).

காலை எட்டு மணிக்கு மேல் இங்கே இருக்கிற வெயிலில் கழுத்தும் முழங்கால் பின்புறமும் உரிந்துவிடும். முழுக்கை, முழுக்கால் லைக்ரா சூட் ஒன்று, யுபிஎஃப் 50 (துணி வெயிலைத் தடுக்கும் அளவு) என்று போட்டிருப்பது, அதில் வெயில் பிரச்சினை முடிந்தது. சொறி மீனின் கொட்டும் செல்கள் மெல்லிய துணியைத் தாண்டிப் பெரும்பாலும் தோலுக்கு வராது, ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் கடற்கரைக்கு வருகிறவர்கள் இதற்கென்றே லைக்ரா சூட் போடுகிறார்கள். என்னைப் போன்ற பெண்களுக்கு இன்னொரு வசதி, கரையில் நிற்கிற கூட்டம் வேடிக்கை பார்க்காது. சுடிதாரோடு அலையில் இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, துப்பட்டாவும் தொளதொளப் பேண்டும் தண்ணீரில் காலைச் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும்? லைக்ரா கிடைக்கவில்லையா, இறுக்கமான லெக்கின்ஸும் ஸ்போர்ட்ஸ் சட்டையும் போடுங்கள். செயற்கை இழையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்சூட் வாங்குகிற பெண்கள் பெண்கள் அளவிலேயே வாங்குங்கள். ஆண்கள் சூட்டில் மார்புக்கு இடம் பார்த்தால் இடுப்பில் தொளதொளக்கும், தண்ணீர் அங்கேதான் தங்கும்.

பட்டினச்சேரி எழுதியது:

தங்கச்சி சரியாகச் சொன்னீர்கள். சொறி பட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், மிச்சமிருக்கிற செல்களும் வெடிக்கும். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்குகிற சூட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மூச்சு முட்டினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

நான் சொல்ல வந்தது ஆற்று முகம். பூம்புகாரில் காவிரி கலக்கும் இடம், பழையாறு பக்கம் கொள்ளிடம், இப்படி எங்கே பார்த்தாலும் நம் பகுதியில் ஒரு வாய் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத் தண்ணீர் வரும்போது அங்கே இறங்கவே இறங்காதீர்கள். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசு, மேலேயே பரவி நிற்கும், இடுப்பு வரை சில்லென்றும் காலடியில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். குளிரை விடுங்கள். மரம், முள், செத்த ஆடு மாடு எல்லாம் மிதந்து வரும், ஊர்ச் சாக்கடையும் அதில்தான் கலந்திருக்கும், இழுப்பும் பலம். எந்த சூட்டும் அதற்குக் காபந்து இல்லை. பிறகு, வலை போட்டிருக்கிற இடத்தில் போர்டோடு நுழையாதீர்கள். அலை எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கரையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மரியாதையாகக் கேட்டால் எல்லாம் சொல்வார்கள்.

தரங்கை அலை எழுதியது:

கண்டிப்பாக அண்ணே. அலைக்கு எந்த மாதம் நல்லது என்று உங்கள் கணக்கில் சொல்ல முடியுமா? கோவளம், மகாபலிபுரம் அளவுக்கு இங்கே நேர்த்தியாக வருவதில்லை.

பட்டினச்சேரி எழுதியது:

வராது. தெற்கே இலங்கை குறுக்கே நிற்கிறது, கோடியக்கரைக்குப் போகப் போக அது மறைத்துவிடும், கோடியக்கரையைத் தாண்டி முத்துப்பேட்டைப் பக்கம் போனால் குளம்தான். கச்சான் காற்றுக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், விடியலில் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், அப்போது அலை சின்னதாக இருந்தாலும் சுத்தமாக உருளும். மதியம் கடற்காற்று ஏறினால் கலைந்துவிடும். வாடைக் காலத்தில் அலை பெரிது, ஆனால் முறுக்கிக்கொண்டு வரும், புயல் கூண்டு ஏற்றியிருக்கிற நாளில் கரையிலேயே நில்லுங்கள். கஜா வந்த 2018ஐ நாங்கள் மறக்கவில்லை.

திருவாரூர் தேர் எழுதியது:

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். கடலே இல்லாத ஊர்க்காரன் கேட்கிறேன் என்று சிரிக்காதீர்கள். இன்றைக்குக் கடல் எத்தனை டிகிரி என்று வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, எனக்கு 2 மில்லி சூட் ஒன்று உறவினர் மூலமாக வந்தது, மொட்டை மாடியில் காயப்போட்டதில் ஒரே கோடையில் பலகை மாதிரி ஆகிவிட்டது.

நீச்சல் மாஸ்டர் எழுதியது:

ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்காகவே கடல் மேற்பரப்பு வெப்பநிலை, அலை உயரம், காற்று எல்லாம் வெளியிடுகிறது. இலவசம்தான். மீன் கிடைக்கும் இடங்களைச் சொல்லும் அறிவிப்பே கடலின் வெப்பநிலையைச் செயற்கைக்கோளில் பார்த்துத்தான் தயாராகிறது. ஆனால் அது பரந்த பரப்புக்கான கணக்கு, நீங்கள் நிற்கிற ஆழம் குறைந்த தண்ணீர் மதியத்தில் அதைவிடச் சூடாகவும் மழைக்குப் பிறகு குளிர்ந்தும் இருக்கும். மீன் தொட்டிக்கு வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக் கயிற்றில் கட்டிவிட்டுப் பாருங்கள், சந்தேகமே வேண்டாம்.

மொட்டை மாடி வெயில்தான் உங்கள் சூட்டைக் கொன்றது. நியோப்ரீனுக்கு நேர் வெயில் ஆகாது, கத்திரி வெயில் சுத்தமாக ஆகாது. நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில், இடுப்பில் மடித்துக் கொடியில் போடுங்கள். தோளில் மாட்டினால் நனைந்த பாரத்தில் தோள் இழுத்துக்கொண்டுவிடும். வாஷிங் மெஷின், பிளீச்சிங், இஸ்திரி மூன்றும் கூடாது. நம் பகுதி ஈரக்காற்றில் முழுக்கக் காயாமல் பையில் திணித்தால் பூஞ்சை பிடிக்கும், உப்பில் ஜிப் இறுகும், ஜிப்பைத் தனியாக நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

மஸ்கட் மச்சான் எழுதியது:

உள்ளே ஒன்றுக்குப் போகாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மாஸ்டர். எல்லோரும் போகிறார்கள், யாரும் ஒத்துக்கொள்வதில்லை, வாடகை சூட்டின் வாசனை காட்டிக் கொடுத்துவிடும்.

தரங்கை அலை எழுதியது:

அந்த 5 மில்லியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பி இங்கே இருக்கிற வரை என் லைக்ராவே போதும், அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். மழைக்கோட்டு அண்ணே, போர்டுக்குப் பூசுகிற மெழுகு மட்டும் இங்கிருந்து கொடுத்து அனுப்பலாமா, என்னிடம் நிறைய இருக்கிறது. அளவு எப்படிப் பார்ப்பது என்றும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மழைக்கோட்டு எழுதியது:

மெழுகும் வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது சூடான கடலுக்கானது, இங்கத்திய குளிரில் அது கல்லாகிக் கால் வழுக்கும். குளிர்நீர் மெழுகு இங்கே கிடைக்கும்.

அளவுக்கு உயரம், எடை, மார்புச் சுற்று மூன்றும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நம் பையன்கள் உயரம் இருந்தாலும் மார்பு ஒடுக்கம், மீடியத்திலேயே உயரத்துக்குத் தனி ரகம் உண்டு, அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டு நின்றால் அக்குள், இடுப்புக்குப் பின்பக்கக் குழிவு, கவட்டை இந்த மூன்று இடத்திலும் இடைவெளி இருக்கக் கூடாது, இரண்டு கையையும் மேலே தூக்கினால் கழுத்து பின்னால் இழுக்கக் கூடாது. காய்ந்த கடையில் மூச்சு முட்டுகிற மாதிரி இருப்பது சகஜம், தண்ணீரில் கொஞ்சம் தளரும்.

முதல் நாள் அலைக்குள் ஓடிப் பாய வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். 15 டிகிரிக்குக் கீழே திடீரென்று மூழ்கினால் மூச்சு தானாக இழுக்கும், அந்த நேரம் தண்ணீர் வாய்க்குள் போனால் ஆபத்து. முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் விட்டுக்கொண்டு மெதுவாக இறங்கி, மூச்சு சமமானதும் போகட்டும். காவலர்கள் இருக்கிற கடற்கரையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடிகளுக்கு நடுவில்தான் போர்டுக்கு இடம், சிவப்பு மஞ்சள் கொடி குளிக்கிறவர்களுக்கு. வந்து இறங்கியதும் எனக்குத் தனிச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள், பழைய பூட்ஸ் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது, அவன் கால் ஏழா எட்டா?

தரங்கை அலை எழுதியது:

எட்டு அண்ணே.

மழைக்கோட்டு எழுதியது:

அப்படியானால் எடுத்து வைக்கிறேன். இடது காலில் அடிப்பக்கம் லேசாகப் பிரிந்திருக்கிறது, நியோப்ரீன் பசை தடவினால் ஒட்டிவிடும்.